முதல் சிகரெட் கொடுத்தவர்

பிள்ளைகள் ஏன் சிகரெட் பிடிக்கத் தொடங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆண்டுதோறும் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு படிவம் வரும். அதைத் தயாரித்த மகானுபாவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு கையால் ஊதிக்கொண்டே மறு கையால்தான் எழுதியிருப்பார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஆறாவது கேள்வி, 'தொடங்கியதற்குக் காரணம்'. கீழே நான்கு கட்டங்கள்: நண்பர்கள், ஆர்வம், மன அழுத்தம், பிற. ஏதாவது ஒன்றில் டிக் போட்டுவிட்டால் அரசாங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிடும்.

க்ளாத்தென் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் தொழிற்பள்ளி. பதினேழு வருடமாக அங்கே நான்தான் ஆலோசனை ஆசிரியை. பெயர் முர்வானி. பெண்களை மரியாதையாக 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம், அதனால் பள்ளியில் எல்லாருக்கும் நான் இபு. பிடிபடுகிற பையன்களையெல்லாம் என் அறைக்குத்தான் இழுத்து வருவார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மன அழுத்தமாம்! அம்மா பொரித்துக் கொடுத்த சோயா தெம்பேயைத் தின்றுவிட்டு, அப்பா வாங்கித் தந்த மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவனுக்கு என்ன அழுத்தம்? ஒருத்தன், சிகரெட் பிடித்தால் மூளை நன்றாக ஓடுகிறது என்றான். அவனுடைய கணக்கு மார்க்கை எடுத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு லாரி சிகரெட் தேவைப்படும் போலிருந்தது. இன்னொருத்தன் காதலி விட்டுவிட்டுப் போனதால் பிடிக்கிறானாம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தால், தான் அவனோடு எப்போது சேர்ந்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

மற்றொருத்தனுக்குச் சந்தை முக்கில் இருக்கும் விளம்பரப் பலகை. மலை உச்சியில் ஜீப்பை நிறுத்திவிட்டு ஒருத்தன் மார்பை விரித்து நிற்பான். சிகரெட் படத்திலேயே இருக்காது, மலை மட்டும்தான். "அந்த ஆள் மாதிரி இருக்கணும் இபு" என்றான் பையன். அவன் தினமும் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறவன்.

அவர்கள் பிடிக்கிற அழகையும் பார்க்க வேண்டும். வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் நாலைந்து பேர் குந்திக்கொண்டு, கஷாயம் குடிக்கிற குழந்தைபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுப்பார்கள். இருமல் வந்தால் தொண்டையிலேயே அடக்குவார்கள். கண்ணில் தண்ணீர் முட்டும். ஆனால் கால்மேல் கால் போட்டிருக்கும் தோரணை மட்டும் குறையாது. இதற்கெல்லாம் படிவம் எதற்கு? வெறும் வீம்பு. இதுதான் காரணம் என்று பதினேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆசிரியர் கூட்டங்களில் சத்தமாகவும் சொன்னேன்.

எங்கள் பள்ளியில் தண்டனை என்றால் புள்ளி. தாமதமாக வந்தால் ஐந்து, முடி வளர்த்தால் பத்து, சீருடையில் சிகரெட் பிடித்தால் நாற்பது. நூறு சேர்ந்துவிட்டால் பையனை 'பெற்றோரிடம் திருப்பி ஒப்படைப்போம்'. பள்ளியை விட்டு நீக்குவது என்று சொல்லக்கூடாதாம், கடுமையாக இருக்குமாம். கடையில் வாங்கிய சட்டை அளவு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கிற மாதிரி பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் மென்மை.

இந்த விதிப் புத்தகத்தில் நான் போராடிச் சேர்த்த ஒரு விதி உண்டு. முதல் சிகரெட்டைக் கொடுத்தவர் பெரியவர் யாராவது என்றால், அவர் பெயரைப் பையன் சொன்னால், நாற்பது புள்ளி இருபதாகக் குறையும். அந்தப் பெரியவரைப் பள்ளிக்கு வரவழைத்து எழுதி வாங்குவோம், பெயர் படிவத்தோடு மாவட்டத்துக்குப் போகும். வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்துச் சில்லறையாகச் சிகரெட் விற்கும் துகியை மாட்டிவைக்கத்தான் அதை எழுதினேன். மூன்று வருடத்தில் ஒரு பையன்கூட ஒரு பெயரும் சொல்லவில்லை.

போன பிப்ரவரியில் ஜத்மிகோ பிடிபட்டான். மோட்டார் வாகனப் பிரிவில் கடைசி வருடம். எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில்தான் அவன் வீடு. மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அதிகம் பேசமாட்டான், எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். மேற்கே ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைக்காரர்கள் எங்கள் பள்ளிக்கு வந்து தேர்வு வைத்து ஐந்து பேரைப் பொறுக்கியதில் இவன் முதல் ஆள். ஜூனில் வேலைக்குச் சேர வேண்டும், ஆனால் பள்ளிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இறுதித் தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அவன் கணக்கில் ஏற்கெனவே அறுபத்தைந்து புள்ளி, எல்லாம் தாமதமாக வந்ததற்கும் முடி வளர்த்ததற்கும். காலையில் அப்பாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு வருகிறவன் எப்படி நேரத்துக்கு வருவான்? அதற்கெல்லாம் விதிப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

அவனை இழுத்து வந்தவர் ஒழுங்கு ஆசிரியர் விக்னியோ. அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே கிராம்பு மணக்கும் சிகரெட் வாசம் நுழைந்துவிடும்.

"இதோ பாருங்க இபு, கையும் களவுமா! கொட்டகைக்குப் பின்னாடி ராஜா மாதிரி உக்காந்து ஊதிட்டிருந்தான். பாக்கெட்டோட பிடிச்சிட்டேன். இது சாட்சி" என்று சொல்லிப் பாக்கெட்டை மேசையில் தட்டிவிட்டு, மறுபடியும் தன் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மாலையில் கேட்டபோது சாட்சியில் நாலு குறைந்திருந்தது.

நான் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஜத்மிகோவை உட்காரச் சொன்னேன்.

"ஏன் லே ஆரம்பிச்ச?"

"சும்மாதான் இபு."

"சும்மான்னு ஒரு கட்டம் இல்லியே. காதலி விட்டுட்டுப் போயிட்டாளா?"

"யாருமே வரல இபு, எங்க போறது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "இங்க பாரு. நாப்பது சேந்தா நூத்தஞ்சு ஆயிடும். வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தேர்வும் இல்ல, தொழிற்சாலையும் இல்ல. ஆனா மொதல்ல உனக்கு யாரோ குடுத்திருப்பாங்க இல்ல, அவங்க பேரச் சொல்லு. பெரியவங்களா இருந்தா இருபதுதான். எம்பத்தஞ்சோட தப்பிச்சுப் பொழச்சுக்குவ. யாரு?"

அவன் தரையைப் பார்த்தான். "மறந்துபோச்சு."

"பொய். பொண்டாட்டி பேரக்கூட மறக்கற ஆம்பளைங்க இருக்காங்க. மொத சிகரெட் குடுத்தவன எவனும் மறக்கமாட்டான். துகியா?"

"அவர் இல்ல இபு. அவர்கிட்ட நான் வாங்கினதே இந்த வருசந்தான்."

"அப்பாவா?"

"இல்ல."

"பின்ன யாருக்குப் பயப்படற?"

"பயமில்ல இபு. சங்கடமா இருக்கு."

சங்கடமாம்! எனக்குச் சுரீரென்று கோபம் வந்துவிட்டது. இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கெடுப்பதே இந்தச் சங்கடம்தான். பெரியவர் காலை மிதித்துக்கொண்டு நின்றால்கூட, "உங்க கால் வலிக்குதா?" என்று கேட்கிற ஊர் இது. "உன் சங்கடத்தச் சான்றிதழா சட்டம் போட்டு மாட்டிக்க" என்றேன். "எவனோ ஒரு கேடுகெட்டவன், பள்ளிக்கூடத்துப் பிள்ள கையில சிகரெட்டத் திணிச்சவன், அவன் மானத்தக் காப்பாத்த நீ உன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்கறியா? அவனுக்கு வெக்கம் இருந்தா அவனில்ல வந்து சொல்லணும்!"

ஜத்மிகோ நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான். அன்று மாலைவரை வைத்துக் கேட்டேன், வாயே திறக்கவில்லை. மறுநாள் அப்பாவை அழைத்து வரச் சொல்லி அனுப்பினேன்.

கூட்டம் தலைமையாசிரியர் சுதர்மஜியின் அறையில். வெளிக் கதவில் 'புகையில்லாப் பள்ளி' என்று நான் அச்சடித்து ஒட்டிய பலகை. உள்ளே மேசை நடுவில், கண்ணாடி டம்ளரில் சிகரெட்டுகள் பூங்கொத்து மாதிரி நிற்கும். விருந்தாளி வந்தால் மரியாதை செய்ய வேண்டுமே. அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கு மாவட்ட விருது வரப் போகிறது, புகையை ஒழித்ததற்காக. மேடையில் ஏறி அதை வாங்கப் போவது நான். அதற்குப் புதுத் துணிகூட எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தேன்.

ஜத்மிகோவின் அப்பா சாரிதின் நல்ல பாத்திக் சட்டை போட்டு, விரல் இடுக்கில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தேய்த்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஜத்மிகோ. எங்களுக்கென்று அவர் மனைவி வாழையிலையில் கட்டிக் கொடுத்த பலகாரம் மடியில் இருந்தது. பையனை வெளியே அனுப்பப் போகிறவர்களுக்குப் பலகாரம்! தலைமையாசிரியர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினார். அவர் ஒன்றை எடுத்தார், தலைமையாசிரியர் ஒன்று, விக்னியோ ஒன்று. மூன்று பேரும் பற்றவைத்துக்கொண்ட பிறகு, ஒரு பையன் சிகரெட் பிடித்த குற்றத்தை விசாரிக்கத் தொடங்கினோம். ஜன்னலைத் திறந்துவிட்டு நான் வந்து உட்கார்ந்தேன்.

"உங்க பையன் கெட்டவன் இல்ல பாக் சாரிதின்" என்றார் தலைமையாசிரியர், புகையை மேலே விட்டபடி. "ஆனா விதி விதிதான் பாருங்க. இந்த வயசுல இந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்து!"

"உண்மைதாங்க பாக். தப்பு எங்களுதுதான்" என்றார் சாரிதின். எதற்கென்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்கும் குரல் அது.

நான் உள்ளே புகுந்தேன். "ஒரு வழி இருக்கு பாக். இவனுக்கு மொதல்ல பழக்கிவிட்டது யாருன்னு தெரிஞ்சா புள்ளி கொறையும், தேர்வு எழுதலாம். இவன் சொல்ல மாட்டேங்கறான். உங்களுக்குத் தெரியுமா?"

சாரிதின் முகம் மலர்ந்தது. உதவ ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம்.

"தெரியாமயா இபு! உங்க மக விதுரி கல்யாணத்துலதானே!"

ஜத்மிகோ, "அப்பா" என்றான்.

"சும்மா இரு லே, இபுவே கேக்கறாங்க. அன்னிக்கிதான் பாக் இவன தட்டு தூக்கற பசங்களோட மொத தடவ சேத்துக்கிட்டாங்க. வேலையெல்லாம் முடிஞ்சதும் இபு அவங்க கையாலயே ஒரு பாக்கெட் குடுத்திருக்காங்க. வீட்டுக்குக் கொண்டாந்து எங்கிட்டக் காட்டுனான். எனக்கு அப்டி ஒரு பெருமை! அல்ஹம்துலில்லாஹ், எம் புள்ளய டீச்சரம்மாவே பெரிய மனுசனா மதிச்சுட்டாங்கன்னு அவங்க அம்மாகிட்டச் சொன்னேன். அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னே இருந்தேன் இபு."

அவர் கிண்டல் செய்யவில்லை. எழுந்து நின்று, குனிந்து, உண்மையாகவே நன்றி சொன்னார்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அதை நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நானூறு பேர் வந்த கல்யாணம். தெருப் பையன்கள் வரிசையாகத் தோளில் தட்டு ஏந்தி ஓடி ஓடிப் பரிமாறினார்கள். எல்லாம் முடிந்ததும் அவர்கள் பின்பக்கம் பாயில் உட்கார்ந்து சாப்பிட, கல்யாண வீட்டார் ஆளுக்கொரு பாக்கெட் சிகரெட் கொடுப்பது எங்கள் வழக்கம். சின்னப் பையன்களுக்குப் பிஸ்கட் கொடுக்கலாமே என்றார் என் கணவர். "நாளைக்குத் தெருவே சிரிக்கும், டீச்சர் வீட்டுல பிஸ்கட் குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு" என்று அவர் வாயை அடைத்தேன். என் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

ஜத்மிகோ பாக்கெட்டை வாங்கவில்லை. "எனக்குப் பழக்கமில்ல இபு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அடேயப்பா! தட்டு தூக்கறப்ப ஆம்பள, இதுக்கு மட்டும் பால்குடியா? வாங்கு லே, நீட்டின கையத் திருப்பி அனுப்பாத" என்றேன்.

பையன்கள் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். அவன் காதெல்லாம் சிவந்துபோய் வாங்கிக்கொண்டான். எவனோ பற்றவைத்துக் கொடுத்தான். அவன் இருமிய இருமலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பதினேழு வருடம் பையன்களின் வீம்பைத் திட்டிய வாய் இது.

தலைமையாசிரியர் அறையில் விக்னியோ சாம்பலைத் தட்டிவிட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அது கல்யாண வழக்கம் இல்லீங்களா. அதப்போய் பழக்கிவிட்டதுன்னு எப்படிச் சொல்றது?"

"அதானே" என்றார் தலைமையாசிரியர். "இபு முர்வானி குடுத்தது மரியாதைக்கு. அந்த விதி கடைக்காரங்களுக்கு, ரவுடிகளுக்கு. இபுவே எழுதின விதி, அவங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதில் கல்யாணத்துக்கு விதிவிலக்கு இருப்பதாக நான் எழுதவில்லை. படிவம் என் முன்னால் இருந்தது, 'முதலில் கொடுத்தவர் பெயர்' என்ற இடத்தில் ஒரு நீளமான கோடு. அதில் என் பெயரை எழுதினால் இவன் எண்பத்தைந்தில் நிற்பான், தேர்வு எழுதுவான், ஜூனில் ரயில் ஏறுவான். படிவம் மாவட்டத்துக்குப் போகும். விருது கொடுக்கிற அதே மேசைக்கு. ஆலோசனை ஆசிரியையே மாணவனுக்கு முதல் சிகரெட் கொடுத்தாள் என்று அங்கே படித்துப் படித்துச் சிரிப்பார்கள். வாயில் சிகரெட்டோடு சிரிப்பார்கள். பேனாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

"இபு, என்ன போடறீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

 ஜத்மிகோதான் சொன்னான், மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல்.

"நண்பர்கள்னு போட்ருங்க இபு. பரவால்ல."

முந்தின நாள் முழுக்க அவன் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேடுகெட்டவன் என்று நான் அவன் முன்னால் திட்டித் தீர்த்தது என்னைத்தான். அதையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, என் மானத்தை அவன் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். இப்போதும் அதைத்தான் செய்கிறான், தன் ஜூனைக் கொடுத்து.

நண்பர்கள் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கை தானாகப் போய்ப் போட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். நான்தான் போட்டேன், கோணாமல், அழகாக.

தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஒப்படைப்புக் கடிதம் ஏற்கெனவே தட்டச்சு செய்து தயாராக இருந்தது. சாரிதின் அதை முழுக்கப் படித்தார், உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாக. 'நண்பர்களின் தாக்கத்தால்' என்ற இடத்தில் நின்று, குழம்பி, என்னைப் பார்த்தார். நான் பலகாரப் பொட்டலத்தைப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

"தொழிற்சாலைக்காரங்க கிட்டப் பேசிப் பாக்க முடியாதுங்களா பாக்?" என்று மட்டும் கேட்டார்.

"சான்றிதழ் இல்லாம அவங்க எடுக்கமாட்டாங்க பாக். வெளிய இருந்து தனித் தேர்வு எழுதலாம், அடுத்த வருசம். இன்ஷா அல்லா வேற வாய்ப்பு வரும்" என்றார் தலைமையாசிரியர். காரியம் முடிந்த நிம்மதியில் அவர் குரலில் பாசம் பொங்கியது. எழுந்து வந்து சாரிதினின் தோளைத் தட்டினார், ஜத்மிகோவின் தோளையும் தட்டினார். "மனசு விட்டுடாத லே. கை வேலை தெரிஞ்சவன், எங்க போனாலும் பொழச்சுக்குவ."

சொல்லிவிட்டு மேசையிலிருந்து டம்ளரை எடுத்து அவன் முன் நீட்டினார்.

"ஒண்ணு எடு. இனிமே நீ எங்க மாணவன் இல்ல, உனக்குப் புள்ளி போட ஆளில்ல" என்று தானே சிரித்தார். விக்னியோவும் சிரித்தார். சாரிதினும், மரியாதைக்கு, கொஞ்சம் சிரித்தார்.

ஜத்மிகோ எடுக்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். "பெரியவங்க ஆசையா குடுக்கறாங்க இல்ல" என்றார் அவர். பிறகு பையன் என் பக்கம் திரும்பினான். எடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டான்.

வேண்டாம் என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இருபது வருடப் படிப்பும் பதினேழு வருட வேலையும் அந்த ஒரு சொல்லுக்குத்தான். ஆனால் தலைமையாசிரியர் நீட்டிக்கொண்டே நின்றார், மூன்று ஆண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள், எனக்குச் சங்கடமாக இருந்தது.

நான் தலையாட்டினேன். அவன் ஒன்றை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டான். இந்த முறை இருமவில்லை.